ஸ்லைடுக்குள் துடிக்கும் இதயம்

ஒரு ஸ்லைடில் இதயம் துடிக்கிறது. வால்வுகள் திறந்து மூடுகின்றன. நீல அம்பும் சிவப்பு அம்பும் ரத்தம் போகும் வழியைக் காட்டியபடி நகர்கின்றன. அந்த இதயத்தை மட்டும் தனியே எடுத்து மாணவர்களின் செல்போனுக்கு அனுப்பலாம் என்று உயிரியல் ஆசிரியை நினைக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இதயம் நின்றுவிடுகிறது. பிடிஎஃப் ஆக்கினாலும் நின்றுவிடுகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய வேறொரு ஸ்லைடிலோ நிலைமை இன்னும் மோசம்: நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்.

கண்ணெதிரே அசைவது கோப்புக்குள் எங்கோ இருந்தாக வேண்டும். எங்கே இருக்கிறது? எடுக்க முடியுமா?

எல்லா அசைவையும் எடுக்க முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஸ்லைடில் அசைபவை எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பிறப்பில் இரண்டு சாதி. ஒன்று படச்சுருள், மற்றொன்று நாடகப் பிரதி. படச்சுருளில் ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு படம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதை வெளியே எடுத்துப் போகலாம். நாடகப் பிரதியில் படமே கிடையாது. 'இந்த அம்பு இடமிருந்து வலமாக இரண்டு விநாடியில் போகட்டும்' என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதை மேடையேற்றிப் படம்பிடித்தால்தான் வீடியோ கிடைக்கும். எது எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் 'கன்வெர்ட்டர்' மென்பொருட்களை வரிசையாக இறக்கிப் பார்ப்பதில்தான் பலருடைய மாலைப்பொழுது வீணாகிறது.

பெயரை மாற்றினால் போதும்

பவர்பாயின்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பிறந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் இருவரும் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் அதை உருவாக்கினார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் இருபது ஆண்டுகள் பவர்பாயின்ட் கோப்பின் உட்புறம் சாதாரணப் பயனருக்கு எட்டாததாகவே இருந்தது. ஆபீஸ் 2007 வந்தபோதுதான் நிலைமை மாறியது. 'பிபிடி' என்று முடிந்த கோப்புப் பெயர்கள் 'பிபிடிஎக்ஸ்' என்று முடியத் தொடங்கின. கூடுதலாக ஒட்டிக்கொண்ட அந்த 'எக்ஸ்' ஒரு பெரிய மாற்றத்தின் அடையாளம்.

பிபிடிஎக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் முறையை 1989இல் வடிவமைத்தவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஃபில் காட்ஸ். ஜிப் கோப்புகள் இன்றும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான 'பி', 'கே' இரண்டோடுதான் தொடங்குகின்றன. கோப்பு எந்த வகை என்று காட்டும் இத்தகைய தொடக்க எழுத்துகளைக் 'கோப்புக் கையொப்பம்' என்று அழைக்கலாம். பெயரின் வாலை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். கையொப்பம் அவ்வளவு சுலபத்தில் பொய் சொல்லாது.

ஆசிரியை செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். நகலின் பெயர் இறுதியில் உள்ள 'பிபிடிஎக்ஸ்' என்பதை அழித்து 'ஜிப்' என்று மாற்ற வேண்டும். பிறகு திறந்து பிரிக்க வேண்டும். விண்டோஸ் பல கணினிகளில் பெயரின் இந்த வாலை மறைத்தே வைத்திருக்கும். அது தெரியாமல் பெயர் மாற்றினால் மறைந்திருக்கும் பழைய வால் பின்னால் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. ஆகவே முதலில் வாலைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்வது நல்லது. செவன்-ஜிப் போன்ற இலவச மென்பொருள் இருந்தால் பெயரை மாற்றாமலே உள்ளே பார்க்கலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பு மட்டும் இந்த வழிக்கு வராது. பூட்டியதும் அதன் உட்புற அமைப்பே வேறாகிவிடுவதால், முதலில் பவர்பாயின்ட்டில் திறந்து பூட்டை நீக்கியாக வேண்டும்.

பிரித்த கோப்புறைக்குள் 'பிபிடி' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'மீடியா' என்று இன்னொன்று. ஸ்லைடுகளில் ஒட்டிய புகைப்படம், ஒலி, வீடியோ எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். ஆனால் அவற்றின் பழைய பெயர்கள் போயிருக்கும். 'இதயம்' என்று பெயரிட்டு ஒட்டிய படம் 'இமேஜ்3' ஆகியிருக்கும். எந்த ஸ்லைடில் எந்தப் படம் என்ற கணக்கை 'ரெல்ஸ்' என்ற கோப்புறையில் உள்ள சிறு எழுத்துக் கோப்புகள் வைத்திருக்கின்றன. ஒரே படத்தைப் பத்து ஸ்லைடில் பயன்படுத்தியிருந்தாலும் மீடியாவில் பெரும்பாலும் ஒரு பிரதிதான் இருக்கும்.

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. ஸ்லைடில் ஒரு புகைப்படத்தின் ஓரத்தைக் கத்தரித்து மறைத்திருந்தால், வெட்டிய பகுதி திரையில்தான் மறைந்திருக்கும். வெட்டிய பகுதிகளை நீக்கும்படி தனியாகக் கட்டளை கொடுக்காதவரை முழுப் படமும் மீடியா கோப்புறையில் அப்படியே இருக்கும். மதிப்பெண் பட்டியலைப் பாதி மறைத்து ஸ்லைடில் ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துடிப்பின் கணக்கு

ஆசிரியையின் இதயம் மீடியா கோப்புறையில் 'இமேஜ்3.ஜிஃப்' என்ற பெயரில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜிஃப் வடிவம் 1987இல் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஸ்டீவ் வில்ஹைட். ஒரு படத்தில் அதிகபட்சம் 256 நிறங்கள் என்ற அதன் வரம்பு அன்றைய திரைகளுக்கும் தொலைபேசி இணைப்புகளுக்கும் ஏற்றதாக இருந்தது. 1989இல் வந்த திருத்தப் பதிப்பில் ஒவ்வொரு படத்தோடும் 'இதை இவ்வளவு நேரம் காட்டு' என்ற எண்ணையும் சேர்த்து எழுத வழி பிறந்தது. அந்த எண் விநாடியின் நூறில் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது.

இப்போது கணக்குப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 75 முறை துடிக்கிறது என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. ஜிஃப் கோப்பில் 20 படங்கள். ஒவ்வொன்றும் நூறில் 4 பங்கு நேரம் நிற்கிறது. இருபதையும் கூட்டினால் நூறில் 80 பங்கு, அதாவது 0.8 விநாடி. படம் வரைந்தவர் உடலியலை மதித்திருக்கிறார்.

இதை எம்பி4 வீடியோவாக மாற்றும்போது சிக்கல் தொடங்குகிறது. சில மாற்றிகள் ஜிஃப்புக்குள் எழுதியிருக்கும் நேரத்தைப் படிப்பதே இல்லை. விநாடிக்கு 10 படம் என்று தாங்களாக ஒரு வேகத்தை வைத்துக்கொள்கின்றன. அப்போது 20 படங்கள் ஓட 2 விநாடி ஆகும். இதயம் நிமிடத்துக்கு 30 முறைதான் துடிக்கும். எந்த மருத்துவரும் பதறிப்போவார். விநாடிக்கு 30 படம் என்று வைத்தாலோ துடிப்பு 90க்கு ஏறிவிடும். சரியான வேகம் 25. மாற்றுகிற மென்பொருள் நேரத்தைப் படிக்கத் தெரிந்ததாக இருந்தால், விநாடிக்கு 30 படம் என்று கேட்டாலும் சில படங்களை இரண்டு முறை காட்டி 0.8 விநாடியைக் காப்பாற்றிவிடும். ஃபாப்ரிஸ் பெலார்ட் 2000இல் தொடங்கிய இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் அப்படிப்பட்டது. வீடியோ மாற்றும் பல செயலிகளுக்குள் ஒளிந்துகொண்டு உழைப்பது இதுதான்.

அடுத்த ஆபத்து, இதயம் ஒரே ஒரு முறை துடித்துவிட்டு நின்றுவிடுவது. ஜிஃப் திரும்பத் திரும்ப ஓடுவதற்குக் காரணம் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சிறு குறிப்பு. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் இணைய உலாவி புகுத்திய ஏற்பாடு அது. முடிவில்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் அந்தக் குறிப்பில் பூஜ்யம் என்று எழுதியிருக்கும். இன்றைய ஜிஃப் கோப்புகளுக்குள்ளும் 'நெட்ஸ்கேப்2.0' என்ற அந்த உலாவியின் பெயர் உயிரோடு இருக்கிறது. உலாவிதான் எப்போதோ போய்விட்டது. சாதாரண எம்பி4இல் இப்படி ஒரு வழக்கம் இல்லை. வீடியோ 0.8 விநாடி ஓடி முடிந்துவிடும். ஆகவே மாற்றும்போதே 75 முறை அடுக்கி ஒரு நிமிட வீடியோவாகச் செய்துகொள்வது பாதுகாப்பு. கோப்பின் அளவு 75 மடங்கு பெருகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எம்பி4 பெரும்பாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள மாற்றத்தை மட்டுமே சேமிக்கிறது.

சில்லறைத் தொல்லைகள் இன்னும் சில உண்டு. ஜிஃப்பில் இதயத்தைச் சுற்றிய இடம் ஊடுருவித் தெரியும்படி இருந்தால், வழக்கமான எம்பி4இல் அது கறுப்பாகவோ வெள்ளையாகவோ அடைபட்டுவிடும். எந்த நிறம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. படத்தின் அகலமோ உயரமோ ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் மாற்றி முரண்டு பிடிக்கும். வழக்கமான வீடியோ முறை ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகப் பதிகிறது. நிறத்தையோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக, இரண்டுக்கு இரண்டு சதுரமாகப் பதிகிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால் இந்தச் சிக்கனம் செல்லுபடியாகிறது. ஒற்றைப்படை அகலத்தில் கடைசிப் புள்ளிக்கு ஜோடி இல்லை. ஒரு வரிசையை வெட்டினால் சரியாகிவிடும்.

இருபது படங்களையும் தனித்தனியாகப் பிரித்து அச்சிட நினைப்பவருக்கு வேறொரு வியப்பு காத்திருக்கிறது. முதல் படத்தில் முழு இதயம் இருக்கும். இரண்டாவதில் ஒரு வால்வின் துண்டு மட்டும், மூன்றாவதில் சுவரின் ஒரு கீற்று மட்டும் என்று வரலாம். இடத்தை மிச்சப்படுத்த, மாறிய பகுதியை மட்டும் பதியும் பழக்கம் ஜிஃப்புக்கும் உண்டு. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். முந்தைய படங்களின் மேல் அடுக்கி முழுமையாக்கும் வசதி இமேஜ்மேஜிக் போன்ற மென்பொருட்களில் இருக்கிறது.

மேடையேற்ற வேண்டிய அம்புகள்

ரத்தத்தின் வழியைக் காட்டும் அம்புகளை மீடியா கோப்புறையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அவை நாடகப் பிரதி. ஸ்லைடுகளின் கோப்புறையில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் 'டைமிங்' என்ற பகுதி தென்படும். அங்கே அம்பின் அடையாள எண், 2000 என்ற கால அளவு, ஒரு சிறு பாதைக் குறிப்பு மூன்றும் இருக்கும். கால அளவு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில். ஆக 2000 என்றால் 2 விநாடி. பாதைக் குறிப்பு 'இருந்த இடத்திலிருந்து 0.25 வரை நேராகப் போ' என்ற பொருளில் இருக்கும். 0.25 என்பது ஸ்லைடு அகலத்தில் கால் பங்கு.

இதை வீடியோவாக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? பழைய 4:3 ஸ்லைடை 1440 புள்ளி அகலத்தில் எடுப்பதாகக் கொள்வோம். கால் பங்கு 360 புள்ளி. விநாடிக்கு 30 படம் வீதம் 2 விநாடிக்கு 60 படம். சீரான வேகம் என்றால் ஒவ்வொரு படத்திலும் அம்பை 6 புள்ளி தள்ளி வைத்துப் புதிதாக வரைய வேண்டும். அந்த 60 படங்களும் ஏற்றுமதிக் கட்டளை கொடுத்த பிறகுதான் பிறக்கின்றன. அதனால் பழைய கோப்பாக இருந்தாலும் அம்பைக் கூர்மையான பெரிய திரைக்கு ஏற்றபடி வரைந்துகொள்ள முடியும். ஜிஃப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பிறந்தபோது இருந்த புள்ளிகள்தான் அதற்கு எப்போதும்.

பவர்பாயின்ட் 2010 பதிப்பில் ஸ்லைடுகளை டபிள்யூஎம்வி வீடியோவாகச் சேமிக்கும் வசதி வந்தது. 2013இல் எம்பி4 சேர்ந்தது. ஆனால் நாடகம் என்றால் நடிகர்கள் வந்தாக வேண்டும். ஸ்லைடில் உள்ள தமிழ், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லையென்றால், வீடியோவில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் பதிவாகும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. வீடியோ எடுக்கும் முன் எழுத்துருவை நிறுவிவிட வேண்டும், அல்லது பாடத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

'கிளிக் செய்தால் அடுத்த அம்பு' என்று அமைத்திருந்தால் இன்னொரு இழப்பு. வீடியோவுக்கு கிளிக் தெரியாது. நேரத்தை முன்பே ஒத்திகை பார்த்துப் பதிந்து வைக்காவிட்டால், பவர்பாயின்ட் ஸ்லைடுக்கு 5 விநாடி என்று தானே முடிவு செய்துகொள்ளும். இதயத்தின் நான்கு அறைகளை 5 விநாடியில் விளக்கக்கூடிய ஆசிரியர் இல்லை.

காணாமல்போகும் வீடியோ

வீட்டுக் கணினியில் ஓடிய வீடியோ, பென்டிரைவில் எடுத்துப் போனதும் கூட்ட அரங்கில் ஓடாமல் மானத்தை வாங்கியது 2000களில் பலருக்கும் நடந்தது. காரணம் எளியது. பவர்பாயின்ட் 2007 வரையில் வீடியோ ஸ்லைடுக்குள் இருந்ததே இல்லை. 'இந்த டிரைவில் இந்தக் கோப்புறையில் இருக்கிறது' என்ற முகவரி மட்டும்தான் இருந்தது. 2010 முதல்தான் வீடியோவையே கோப்புக்குள் வைப்பது வழக்கமானது. ஆக, பழைய கோப்பின் மீடியா கோப்புறையில் வீடியோ இல்லையென்றால் அதைத் தேட வேண்டிய இடம் ஸ்லைடு தயாரித்த பழைய கணினி.

வெற்றுக் கட்டத்துக்குள் நுரையீரல்

வெற்றுக் கட்டமாகிப்போன நுரையீரல் ஃபிளாஷ் அசைபடம். ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் 1996இல் வந்து, மேக்ரோமீடியாவின் கைக்குப் போய், 2005இல் அடோபியின் கைக்கு மாறிய தொழில்நுட்பம் அது. ஒரு காலத்தில் பாடசாலை அறிவியல் படங்கள் ஏராளமாக அதில்தான் உருவாயின. பாதுகாப்பு ஓட்டைகள் பெருகியதால் 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே படங்களை ஓட்ட மறுக்கத் தொடங்கியது. கோப்பு கெடவில்லை, ஓட்டுகிறவர்தான் போய்விட்டார்.

ஃபிளாஷ் படத்தை பவர்பாயின்ட்டில் நுழைக்க ஆக்டிவ்எக்ஸ் என்ற வழியைப் பயன்படுத்தினார்கள். பிரித்த கோப்புறைக்குள் 'ஆக்டிவ்எக்ஸ்' என்றே ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் 'பின்' என்று முடியும் ஒரு கோப்பு. நுழைத்தவர் படத்தை உள்ளேயே வைக்கும்படி அமைத்திருந்தால் நுரையீரல் அதற்குள் இருக்கிறது. இல்லையென்றால் வெறும் முகவரி.

எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க மீண்டும் கையொப்பம்தான் துணை. பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் வகை மென்பொருளில் கோப்பைத் திறந்து 70, 87, 83 என்ற மூன்று எண்கள் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேட வேண்டும். அவை 'எஃப்', 'டபிள்யூ', 'எஸ்' என்ற எழுத்துகள். நான்காவது எண் ஃபிளாஷின் பதிப்பு. அடுத்த நான்கு எண்கள் படத்தின் நீளத்தைச் சொல்கின்றன, சிறிய மதிப்பு முதலில் வரும் வரிசையில். அவை 160, 134, 1, 0 என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை 256ஆல் பெருக்கினால் 34,304. மூன்றாவதை 65,536ஆல் பெருக்கினால் அதே 65,536. நான்காவது பூஜ்யம். எல்லாம் சேர்த்தால் சரியாக 1,00,000 பைட். 'எஃப்' எழுத்தில் தொடங்கி லட்சம் பைட்டை வெட்டி, 'எஸ்டபிள்யூஎஃப்' என்ற வாலோடு சேமித்தால் நுரையீரல் வெளியே வந்துவிட்டது.

முதல் எண் 70க்குப் பதிலாக 67 என்றிருந்தால் கவனம் தேவை. அது சுருக்கப்பட்ட படம். அங்கே எழுதியிருப்பது சுருக்கத்தை விரித்த பிறகு வரும் நீளம். கோப்பில் உள்ள துண்டு அதைவிடச் சிறியது என்பதால் அந்த எண்ணை நம்பி வெட்டக் கூடாது. முதல் எட்டு பைட்டை விட்டுவிட்டு மிச்சத்தை விரிக்கும் கருவி, முடியும் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்.

எடுத்த படத்தை ஓட்ட ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய ஃபிளாஷ் பிளேயரைப் புதிதாக எழுதிப் பார்க்கும் முயற்சி அது. இன்டர்நெட் ஆர்கைவ் தளம் 2020 நவம்பரிலிருந்து பழைய ஃபிளாஷ் படங்களை அதைக் கொண்டே காட்டுகிறது. ரஃபிளில் ஓடவிட்டு, திரையைப் பதிவு செய்தால் எம்பி4 தயார்.

ஆனால் பொத்தானை அழுத்தினால் மூச்சின் வேகம் மாறும்படி அந்தப் படம் அமைந்திருந்தால் வீடியோவில் அது செத்துவிடும். மாணவர் அழுத்திப் பார்க்கிற படத்துக்கு வீடியோ ஒருபோதும் ஈடாகாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டமும் இந்தச் சுவரில்தான் மோதியது. ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்த அதன் பாவனைச் சோதனைகள் உலாவிகளில் ஓடாமல் போகும் நிலை வந்தபோது, அவற்றை எச்டிஎம்எல்5இல் ஒவ்வொன்றாக மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அவர்களுக்கே குறுக்குவழி கிடைக்கவில்லை.

பழைய பிபிடி கோப்பு வைத்திருப்பவர்கள்

'எக்ஸ்' ஒட்டாத பழைய பிபிடி கோப்பு ஜிப் அல்ல. பெயரை மாற்றினாலும் பிரியாது. அதை இன்றைய பவர்பாயின்ட்டிலோ இலவசமான லிப்ரேஆபீஸிலோ திறந்து பிபிடிஎக்ஸ் ஆகச் சேமித்துவிட்டுப் பிறகு பிரிப்பதே எளிது. லிப்ரேஆபீஸின் சொந்த வடிவமான ஓடிபியும் உள்ளே ஜிப்தான்.

வேறொருவர் வரைந்த படத்தை இப்படி வெளியே எடுத்தால் வகுப்பறைக்கு வெளியே பரப்பும் முன் அவருடைய அனுமதி வேண்டும். சொந்தக் கோப்புகளைப் பொறுத்தவரை ஒரே வேண்டுகோள்: இதயத்தை எம்பி4 ஆக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கையோடு மூல பிபிடிஎக்ஸையும் ஜிஃப்பையும் அழித்துவிடாதீர்கள். வீடியோவிலிருந்து அம்புகளை அம்புகளாகத் திரும்ப எடுக்க வழி கிடையாது. அடுத்த ஆண்டு ஒரு அம்பின் திசை தப்பு என்று மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினால் திருத்துவதற்கு அந்த மூலக் கோப்புதான் வேண்டும்.